உடுப்புக்கடைப் பெயரில் அரசியல் நிலைப்பாடு போட்டால் வாடிக்கையாளர் நிப்பினமோ, போவினமோ?

கிளிநொச்சித்தறி கேட்டது:

கிளிநொச்சியில சின்ன அளவில உடுப்பு விக்கிறம். கைத்தறிச் சேலை, பிள்ளையளுக்கான பருத்திச் சட்டை, தமிழ் எழுத்துப் போட்ட ரீசேர்ட். பாதி விற்பனை கடையில, மிச்சம் பேஸ்புக், வட்ஸ்அப் ஓடர். வாங்கிறவை மூண்டு வகை: ஊர்ச்சனம், கொழும்பில இருக்கிறவை (அதில சிங்கள, முஸ்லிம் வாடிக்கையாளரும் இருக்கினம்), கனடா லண்டனில இருந்துகொண்டு ஊரில உள்ள சொந்தங்களுக்கு ஓடர் போடுறவை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 இல கந்தசாமி கோயிலடியில தொடங்கின போராட்டத்துக்கு கடைப் பெயரில வெளிப்படையா ஆதரவு சொல்லவேணும், அதுக்கெண்டு ஒரு ரீசேர்ட்டும் அடிக்கவேணும் எண்டு பங்காளி நிக்கிறார். நோக்கத்தில எனக்கு மறுப்பில்லை. ஆனா தனி ஆளாச் சொல்லுறது வேற, கடைப் பலகையில எழுதுறது வேற. வெளிநாட்டுப் பெரிய கொம்பனியள் இப்பிடிச் செய்து என்ன நடந்தது? என்ன அடிக்கலாம், என்ன அடிக்கக்கூடாது?

நூல்முடிச்சு எழுதியது:

எல்லாரும் முதல் காட்டுறது நைக்கியைத்தான். 2018 செப்டெம்பர் தொடக்கத்தில கொலின் கேப்பர்னிக்கை வைச்சு விளம்பரம் விட்டவங்கள். கறுப்பினத்தவர் மேல நடக்கிற அநீதியை எதிர்த்து, தேசிய கீதத்துக்கு முழந்தாளில நிண்ட அமெரிக்கக் கால்பந்து வீரர். சப்பாத்தைக் கொளுத்தி வீடியோ போட்டது சனம், அடுத்த நாள் பங்கு விலை ஏறக்குறைய 3 வீதம் விழுந்தது. அந்த மாத நடுவிலேயே பங்கு அதுவரை இல்லாத உயரத்துக்குப் போட்டுது. ஆனா இதைப் பாத்து "துணிஞ்சால் வெற்றி" எண்டு நினைக்காதேங்கோ. நைக்கியின்ர காசு பெரும்பாலும் இளம் ஆக்களிட்ட, நகரங்களில. கொளுத்தினவங்களில கனபேர் அவையின்ர முக்கிய வாடிக்கையாளரே இல்லை. ஆரை இழக்கலாம் எண்டு கணக்குப் பாத்துத்தான் இறங்கினவங்கள்.

மறுபக்கம் சுவீடன் உடுப்புக் கொம்பனி எச் அன்ட் எம். சீனாவின்ர சின்ஜியாங்கில பருத்தி எடுக்கக் கட்டாய வேலை வாங்கினம் எண்ட குற்றச்சாட்டுப் பற்றி 2020 இல கவலை சொல்லி விட்ட அறிக்கையை 2021 மார்ச்சில சீனாவில கிளறி எடுத்தினம். ஒரே நாளில அங்கத்தைய பெரிய இணையக் கடையளில அவையின்ர பொருளைத் தேடினால் ஒண்டும் வராமல் போச்சு. அடுத்த காலாண்டில சீன விற்பனை நாலில ஒரு பங்களவு குறைஞ்சது. இதில கவனிக்கவேண்டியது, வாங்கிறவன் கோவிக்கிறதுக்கு முதலே விக்கிற மேடை கையை விட்டிட்டுது. உங்களுக்கு அந்த மேடை பேஸ்புக்.

யப்பான் உடுப்புக் கொம்பனி யுனிக்லோ இன்னொரு மாதிரி. உக்ரைன் போர் தொடங்கின கையோட 2022 மார்ச்சில உடுப்பு அத்தியாவசியம், ரஷ்யாவில கடை திறந்திருக்கும் எண்டிட்டு சில நாளுக்குள்ள நிறுத்திறம் எண்டவை. நிண்டிருந்தால் ஒரு பக்கத்தின்ர கோவம், முதலே மூடியிருந்தால் மற்றப் பக்கத்தின்ர கோவம். மாத்திக் கதைச்சதால ரெண்டும் வந்தது.

2020 இல வந்த ரெண்டு சந்தைப்படுத்தல் ஆய்வுகள் உங்களுக்கு நேரடியாப் பொருந்தும். ஒண்டில, நிலைப்பாட்டோட உடன்படாதவைக்கு அந்தப் பெயரில பிடிப்புக் குறைஞ்சது, உடன்பட்டவைக்குப் பெரிசாக் கூடேல்லை. மற்றதில, சந்தையில பெரிய பங்கு உள்ள கொம்பனிக்கு நட்டம் கூட, சின்னக் கொம்பனிக்கு லாபம் வர இடமிருக்கு. காரணம் எளிது. ஏற்கனவே எல்லாரும் வாங்கிற பெயருக்கு இழக்க ஆக்கள் கூட, சேர்க்க ஆக்கள் குறைவு. நீங்கள் சின்ன ஆக்கள், அது உங்களுக்குச் சாதகம்.

அமெரிக்க உடுப்புக் கொம்பனி பட்டகோனியாவைப் பாருங்கோ. 1980களில இருந்தே விற்பனையில 1 வீதத்தைச் சூழலுக்குக் குடுத்து வந்தபடியால்தான் 2017 இல நிலப் பாதுகாப்புக்காக டிரம்பைப் பகிரங்கமா எதிர்த்தபோது வாடிக்கையாளர் அதை நம்பினவை. முதல் செயல், பிறகு வாய். சுவரொட்டியை மட்டும் ஒட்டினால் "சேட்டு விக்கத்தானே" எண்டு முதல் கொமென்ற் வரும், நியாயமாயும் இருக்கும்.

வவுனியாஅச்சு எழுதியது:

தம்பி, அச்சுப் பக்கத்தை நான் சொல்லுறன். முதல் சட்டம். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின்ர சின்னம், கொடி, சீருடை வரி, தலைவர் படம் ஒண்டும் துணியில ஏறக்கூடாது; 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில பிடிப்பாங்கள், ஓடர் தந்தவன் மட்டுமில்லை, அச்சடிச்சவனும் உள்ள போவான். இன, மத வெறுப்பைத் தூண்டுறதைக் குற்றமாக்கிற, 2007 ஆம் ஆண்டு 56 ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின்ர 3 ஆம் பிரிவையும் மறக்காதேங்கோ. 2019 மே மாதம் ஹசலக்கவில ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடிச்சது அவ போட்டிருந்த உடுப்பில பௌத்த சின்னமான தர்மசக்கரம் இருக்கெண்டு. அது கப்பல் சுக்கான் படம். கருத்தே சொல்லாத உடுப்புக்கு அந்த நிலை. ஆனபடியால் இயக்கத்தை நினைப்பூட்டுற சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த டிசைன், கார்த்திகைப்பூ ரெண்டையும் தவிருங்கோ. பூ தப்பெண்டு இல்லை, வழக்கு முடியுமட்டும் கடை பூட்டிக் கிடக்கும்.

படம் வேண்டாம், எழுத்து மட்டும். "எங்கே?" எண்ட ஒரு சொல்லே காணும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின்ர முகத்தை அடிக்கிறதெண்டால் குடும்பத்தின்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். அதுக்கும் முதல் அந்த அம்மாக்களிட்டப் போய்க் கேளுங்கோ. தங்கட துயரம் ரீசேர்ட்டில விலைபோறதை அவை விரும்பாமலும் இருக்கலாம், அப்பிடியெண்டால் கதை அத்தோட முடிஞ்சுது.

ஸ்கிரீன் பிரின்ற் வேண்டாம். நிறத்துக்கொரு ஸ்கிரீன் செய்யவேணும், 20, 30 சேட்டுக்குக் கட்டாது, விக்காமல் விட்டால் அடிச்சதெல்லாம் குப்பை. டிடிஎப் பிலிமில (அச்சடிச்சு வைச்சு, பிறகு சூட்டில துணிக்கு ஒட்டுறது) எழுத்தை மட்டும் எடுத்து வைச்சு, ஓடர் வரவர 180 ஜீஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 180 கிராம் துணி) வெறும் சேட்டில அழுத்துங்கோ. 150 தொடக்கம் 160 பாகை, 10 தொடக்கம் 15 செக்கன், பிலிம் ஆறினபிறகு உரி. சூட்டோட உரிக்கிற பிலிமும் இருக்கு, வாங்கேக்க கேளுங்கோ. மாறி உரிச்சால் எழுத்தின்ர கரை கிளம்பி ரெண்டு தோய்ச்சலில கழரும். நாளைக்கு நிப்பாட்டவேண்டி வந்தாலும் வெறும் சேட்டு வேற டிசைனுக்கு உதவும்.

"லாபத்தில ஒரு பங்கு" எண்டு போடாதேங்கோ, ஒருத்தரும் நம்பாயினம். சேட்டுக்கு 200 ரூபா எண்டு தொகையைச் சொல்லி, முடிவுத் திகதியைச் சொல்லி, குடுத்த பற்றுச்சீட்டைப் பக்கத்தில போடுங்கோ. பேஸ்புக்குக்கும் தன்ர விதி இருக்கு. தடை இயக்கங்களோட தொடர்பு எண்டு தோன்றினால் பதிவைத் தூக்கும், பக்கத்தையே முடக்கும். வாடிக்கையாளரின்ர நம்பரெல்லாம் வேற இடத்தில எழுதி வைக்காமல் இதில இறங்காதேங்கோ.

பற்றுச்சீட்டு எழுதியது:

லைக்கை வைச்சு விசுவாசத்தை அளக்கிறவைக்கு ஒரு சொல். அந்தப் பதிவுக்கு வழமையை விட நிறைய லைக் விழும், பாதி ரொறன்ரோவில இருந்து. அவை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓடர் போட்டால்தான் அது கணக்கு.

ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கோ. போன் நம்பர், திகதி, தொகை, எந்த வகை ஆள் (ஊர், கொழும்பு, வெளிநாடு). பதிவுக்கு முந்தின 90 நாளில வாங்கினவை 120 பேர், அதில 36 பேர் அடுத்த 90 நாளில திரும்பி வந்தால் 30 வீதம். போன வருசம் அதே காலத்தில இதே வீதம் எவ்வளவு எண்டு பாருங்கோ. முந்தின மூண்டு மாதத்தோட ஒப்பிட்டால் ஏமாறுவியள். மாசி பங்குனியில காலபோக நெல்லு வித்த காசு கையில புரளேக்க வன்னியில எல்லாக் கடையிலயும் உடுப்பு போகும், அது உங்கட நிலைப்பாட்டால வந்ததில்லை. மூண்டு வகையையும் தனித்தனியாப் போடுங்கோ; கொழும்பு பாதியாகி வெளிநாடு கூடினால் மொத்தம் அசையாமல் நிக்கும், உள்ளுக்கு மாறினது தெரியாது.

முதல் அடி விழுறது திரும்பி வாற பார்சலில. கையில காசு குடுத்து எடுக்கிற ஓடரில கோவிச்ச ஆள் பேசாமல் பார்சலை மறுத்துவிடுவார், கூரியர் செலவு உங்களுக்கு. பதிவு போட்டு முதல் மாதம் கொழும்பு ஓடருக்கு முற்பணம் வாங்குங்கோ.

நூல்முடிச்சு சொன்னதோட ஒரு சேர்க்கை. 2009 க்குப் பிறகு இலங்கையில தைச்ச உடுப்பை வாங்காதேங்கோ எண்டு வெளிநாட்டில எங்கட ஆக்களே கேட்டவை. இண்டைக்கு கிளிநொச்சியில விடியல், வானவில் எண்ட உடுப்புத் தொழிற்சாலையளில மெசினில இருக்கிறது எங்கட பிள்ளையள். புறக்கணிப்பு கடைசியில ஆரின்ர சம்பளத்தில போய் நிக்குமெண்டு முதலே பாக்கவேணும்.

கிளிநொச்சித்தறி எழுதியது:

நன்றி அண்ணையவை. அம்மாக்களிட்டக் கேட்டபிறகுதான் மிச்சம். இன்னொண்டு: நாங்கள் ஒண்டும் போடாட்டிலும் கடையடைப்பு நாளில திறந்தாலும் பூட்டினாலும் அது நிலைப்பாடுதானே?

வவுனியாஅச்சு எழுதியது:

ஓம், தப்ப ஏலாது. முல்லைத்தீவு முத்தையன்கட்டு இளைஞரின்ர சாவுக்கு நீதி கேட்டு அறிவிச்ச கடையடைப்பை மடுத் திருவிழாவால 2025 ஓகஸ்ட் 15 இலிருந்து 18 க்கு மாத்தினவை, அப்பவும் சில கடை திறந்தது, சில கடை பூட்டினது. வணிகர் சங்கத்தின்ர முடிவைக் கேட்டு, ரெண்டு நாளுக்கு முதல் பக்கத்தில நேரத்தைப் போடுங்கோ, கூரியர் எடுக்கிற நாளை மாத்துங்கோ, வேலைப் பிள்ளையளுக்கு அண்டைய சம்பளத்தை வெட்டாதேங்கோ. முன் ஷட்டரைப் பூட்டிப்போட்டுப் பின்கதவால விக்கிறதை மட்டும் செய்யாதேங்கோ, பின்னேரத்துக்குள்ள முழுச் சந்தைக்கும் தெரிஞ்சுபோகும்.