எம்ப்ராய்டரி சாஃப்ட்வேருக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மதுரை செல்லூரில் அக்கா மெஷின் எம்ப்ராய்டரி போட்டுக் கொடுக்கிறார். டிசைனை நாங்களே தயார்செய்ய வில்காம் எம்ப்ராய்டரி ஸ்டுடியோ வாங்கப்போகிறோம். அது விண்டோஸ் சாஃப்ட்வேர், அதனால் மேக் வேண்டாம். கடையில் விலை கூடின கிராபிக்ஸ் கார்டைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எங்கள் வேலைக்கு நல்ல பிராசசர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி போதும் என்று நினைக்கிறேன். சரிதானா?

அப்புறம் ஒன்று. மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலில் நூலின் நிறம் இருக்காது, நிறம் மாற நிற்கும் இடம் மட்டும்தான். மயில் கழுத்து நீலம் முடிந்து தோகைப் பச்சை தொடங்கும்போது அக்கா திரையைப் பார்த்துத்தான் நூல் மாட்ட வேண்டும். அதற்கு மெஷின் பக்கத்திலேயே வைக்க லேப்டாப் நல்லதா, பெரிய மானிட்டரோடு டெஸ்க்டாப்பா? 50,000 ரூபாய்க்குள் வேண்டும். இதே வேலையில் இருப்பவர்கள் நீங்கள் வைத்திருக்கும் மாடலைச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.