பொருள்: வயர் உருளையில் உள்ள இரண்டு எண்களுக்கும் தமிழ்ப்பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

மாரி முடிந்ததும் மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் முற்றத்துச் சீமெந்திலும் பிடித்த பாசியைக் கழுவ, பிறஷர் வோஷரை வாடகைக்கு எடுப்பவர்கள் இங்கே பலர். கூடவே 50 மீற்றர் வயர் சுற்றிய உருளையும் போகும். அதன் முகத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். பலவற்றில் ஒன்று 1000 வாற்றுக்குக் கிட்ட, மற்றது 3000 வாற்று. வயர் உருளையில் சுற்றியிருக்கும்போது எவ்வளவு தாங்கும், முழுக்க இழுத்துவிட்டால் எவ்வளவு தாங்கும் என்பதே அந்த இரண்டும். அதை விளக்கும் வரி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, எடுத்துப்போகிறவர் பெரிய எண்ணை மட்டும் பார்க்கிறார்.

வாடகைக் கடைகளுக்குத் தமிழில் ஓர் ஒட்டுத்தாள் தயாராகிறது. என் வரைவு: ‘சுருள்நிலை மின்னோட்ட வீதம்’, ‘விரிநிலை மின்னோட்ட வீதம்’. திருத்தங்களைச் சொல்லுங்கள்.

தொகுப்பாளர், நல்லூர்

—

தொகுப்பாளர் தங்கச்சிக்கு,

சொல்லுக்கு வருமுன் அந்தச் சின்ன எண் ஏன் முக்கியம் என்று கணக்கோடு சொல்லிவிடுகிறேன். சொல் எதைச் சுமக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

2200 வாற்று வோஷர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9.6 அம்பியர் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு நெகிழ்வயரின் தடை கிலோமீற்றருக்கு 13.3 ஓம். 50 மீற்றர் உருளையில் மின் போய்த் திரும்புவதற்கு 100 மீற்றர் கம்பி, ஆக 1.33 ஓம். 9.6 அம்பியர் அதனூடு ஓடினால் வயருக்குள்ளேயே 122 வாற்று வெப்பம். நிலத்தில் நீட்டிக் கிடந்தால் மீற்றருக்கு இரண்டரை வாற்றுக்கும் குறைவு, காற்று அதைக் கொண்டுபோய்விடும். உருளையில் ஐந்தாறு அடுக்காகச் சுற்றியிருந்தால் உள்ளடுக்கின் சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. பிவிசி உறை 70 பாகை செல்சியசுக்கே ஆனது. அதற்கு மேலே போனால் இளகும், அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும், கடைசியில் கம்பியும் கம்பியும் தொடும்.

இதை வீட்டிலுள்ள எந்தக் காவலும் பிடிக்காது என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பிளக்கில் இருப்பது 13 அம்பியர் உருகி, 9.6 அம்பியர் அதற்கு ஒரு சுமையே அல்ல. பலகையில் உள்ள சுற்றுடைப்பான் 20 அல்லது 32 அம்பியர், அதுவும் அசையாது. 30 மில்லியம்பியர் ரிப் சுவிச் நிலத்துக்குக் கசியும் மின்னை மட்டுமே பார்க்கும். உறை உருகி, மின் புவிக்கம்பிக்குப் பாய்ந்த பிறகுதான் அது விழும். வீட்டில் இருக்கிற மூன்று காவலும் சரியாக வேலை செய்துகொண்டிருக்க, உருளை வெந்துபோகும். உருளையிலேயே வெப்பவெட்டி இல்லாவிட்டால், அதற்கு இருக்கிற ஒரே காவல் அந்த எண்ணை வாசிக்கும் கண்தான்.

சில உருளைகளில் வெப்பம் கூடினால் விழும் வெட்டியும் ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்கும். அது விழுந்தால் உடனே அமத்தக்கூடாது. சுவரில் பிளக்கைக் கழற்றி, வயரை முழுக்க இழுத்து, ஆறவிட்ட பிறகே அமத்தலாம்.

உங்கள் வரைவில் ‘வீதம்’ வேண்டாம். ‘5 அம்பியர் வீதம்’ என்றால் மணித்தியாலத்துக்கா என்று கேட்பார்கள். ‘5 வீதம்’ என்றால் நம்மூரில் நூற்றுக்கு ஐந்து. தாங்குகிற அளவு என்ற கருத்து வெளியே தெரிய வேண்டும். ‘தாங்களவு’ எப்படி?

மின்னிணைப்பாளர், சுன்னாகம்

—

‘தாங்களவு’ நன்று. தாங்கு என்பது சுமை தூக்கும் எல்லோருக்கும் தெரிந்த வினை, விளக்கம் தேவைப்படாது.

‘சுருள்நிலை’ மீது எனக்கு வலுவான மறுப்பு உண்டு. பாடசாலைப் பௌதிகத்தில் சுருள் என்றதும் பிள்ளைகளுக்கு மின்காந்தம் நினைவுக்கு வரும். உருளை சுடுவது காந்தத்தாலும் தூண்டலாலும்தான் என்ற தவறான எண்ணம் ஏற்கெனவே பரவலாக உண்டு. உண்மையில் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே உறைக்குள் அருகருகே கிடக்கின்றன, ஓட்டம் சமம், திசை எதிர். ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். (ரிப் சுவிச் வேலை செய்வதும் இதே சமநிலையில்தான். உள்ளே உள்ள வளையத்தினூடு இரண்டு கம்பியும் போகும், சமன் குலைந்தால்தான் அது விழும்.) இங்கே சூடு வருவது தடையால், தேங்குவது காற்றோட்டம் இல்லாததால். ‘சுருள்’ என்று ஒட்டுத்தாளில் எழுதினால் அந்தத் தவறான எண்ணத்துக்கு நாமே முத்திரை குத்துகிறோம். பிறகு ‘வயரை எட்டு வடிவில் சுற்றினால் சூடாகாது’ என்று ஒருவர் புறப்படுவார். எட்டாகச் சுற்றினாலும் குவியல் குவியல்தான், சூடாகும்.

‘சுற்றுநிலை’யும் சரிவராது, மின்சுற்றோடு குழம்பும்.

பௌதிக ஆசிரியர், வட்டுக்கோட்டை

—

பாயை என்ன செய்கிறோம்? சுருட்டுகிறோம், விரிக்கிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சோடி. ‘சுருட்டிய தாங்களவு’, ‘விரித்த தாங்களவு’. பெயரெச்சமாக வைத்தால் ‘சுருட்டு’ என்ற பெயர்ச்சொல்லோடும் குழம்பாது, ஆசிரியர் ஐயா அஞ்சுகிற சுருளும் இல்லை. ‘மின்னோட்டம்’ என்பதையும் விட்டுவிடலாம், எண்ணுக்குப் பின்னால் அம்பியர், வாற்று என்று வருகிறதுதானே.

மொழிபெயர்ப்பாளர், மானிப்பாய்

—

மானிப்பாய் அக்காவின் சோடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வேலைத்தளத்தில் ஒரு மூன்றாவது நிலை உண்டு. சாமான் 15 மீற்றர் தூரத்தில் நிற்கும், 15 மீற்றரை இழுத்துவிட்டு மிச்சம் 35 மீற்றரை உருளையிலேயே விடுவார்கள். ‘விரித்துத்தானே இருக்கிறது’ என்பார்கள். அச்சிட்ட எண் இரண்டுதான், நடுவில் எண் கிடையாது. உருளையில் மிச்சம் இருந்தால் சின்ன எண்ணே செல்லும். ஆகவே ‘முழுதும்’ என்ற சொல் பெயருக்குள்ளேயே வரவேண்டும். இல்லாவிட்டால் ‘விரித்த’ என்பதே ஆபத்தான அனுமதியாகிவிடும்.

15 மீற்றர்தான் தேவை என்றால் 50 மீற்றர் உருளை எதற்கு? 2.5 சதுர மில்லிமீற்றரில் 20 மீற்றர் தனிவயர் ஒன்று வைத்திருப்பதே நல்லது. வோஷர்க் கையேடுகள் சிலவற்றில் 10 மீற்றர் வரை 1.5, அதிலிருந்து 30 மீற்றர் வரை 2.5 சதுர மில்லிமீற்றர் என்றுதான் இருக்கும். வெப்பத்துக்கு மட்டுமல்ல, வோல்ற் வீழ்ச்சிக்கும் இது தேவை. முன்சொன்ன 50 மீற்றர், 1.5 வயரில் ஏறத்தாழ 13 வோல்ற் வழியிலேயே போய்விடும். மலிவான 0.75 வயர் என்றால் 25 வோல்ற், அதைவிட அந்த வயர் 6 அம்பியருக்கு மேல் எடுக்கவே கூடாது. மோட்டர் தொடங்கும்போது பல மடங்கு இழுக்கும். அந்த நேரம் வோல்ற் இறங்கினால் மோட்டர் சுற்றாமல் முனகிக்கொண்டு நின்று சூடாகும். வோஷரின் துப்பாக்கி விசையை அமத்திப் பிடித்து, நீரழுத்தத்தை வெளியே விட்டபடி தொடக்கினால் சுமை குறையும். தூரம் போதாவிட்டால் வயரோடு வயர் பொருத்தாமல் தண்ணீர்க் குழாயை நீட்டுங்கள்.

மின்னிணைப்பாளர், சுன்னாகம்

—

அப்படியானால் ‘முழுவிரி தாங்களவு’. ‘சுருட்டிய’ என்பதற்கு எதிராக ‘முழுவிரி’ இலக்கண ஒப்புமையில் இடறுகிறது, தெரியும். இருந்தாலும் ஒப்புமையை விட வயர் பெரிது.

மொழிபெயர்ப்பாளர், மானிப்பாய்

—

‘முழுவிரி’யை ஏற்கிறேன். ‘விரி’ ஏவலாகவும் ஒலிக்கிறது, ஒட்டுத்தாளுக்கு அது நன்மை.

ஒட்டுத்தாளில் இணைப்பு முனைகளைப் பற்றியும் இரண்டு வரி வையுங்கள். பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் பித்தளைக் கால்களில் பச்சை படியும், தொடுகைத் தடை கூடி பிளக் சூடாகும். வயர் நல்லதாக இருக்க முனை கருகுவது அதனால்தான். பழைய வீடுகளில் உருண்டைக்கால் பொயின்ற்றுக்குச் சதுரக்கால் பிளக்கைச் செருக இடையில் வைக்கும் மல்ரி பிளக் இன்னும் மோசம், இறுக்கம் தளர்ந்திருக்கும், புவிக்கால் தொடாமலும் இருக்கும். வோஷருக்கு நடுவில் எந்த மாற்றியும் வேண்டாம்.

பௌதிக ஆசிரியர், வட்டுக்கோட்டை

—

எல்லோருக்கும் நன்றி. ‘சுருட்டிய தாங்களவு’, ‘முழுவிரி தாங்களவு’ என்று முடித்திருக்கிறேன். எண்களைக் கடைக்காரர் அந்தந்த உருளையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அழியாத மையால் எழுதவேண்டும், பொதுவாக ஓர் எண்ணை அச்சிட்டு ஒட்டக்கூடாது. வேலை ஒழுங்கையும் சேர்த்த வாசகம் இது:

சுருட்டிய தாங்களவு: ____ வாற்று
முழுவிரி தாங்களவு: ____ வாற்று
உருளையில் ஒரு சுற்று மிஞ்சினாலும் சுருட்டிய தாங்களவே செல்லும். வோஷருக்கு முழுவதும் இழுத்துவிடவும்.
மூன்று கம்பி வயர் மட்டும். இரண்டு கம்பி வயரில் புவியிணைப்பு இல்லை.
தொடங்க முன் ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமத்தவும். விழாவிட்டால் வேலை தொடங்க வேண்டாம்.
முதலில் வோஷரை வயரில் செருகவும், பிறகு வயரைச் சுவரில். முடிக்கும்போது சுவரில் முதலில் கழற்றவும். ஈரக் கையால் தொட வேண்டாம்.
இணைப்பு முனையை நிலத்தில் விடாமல் கல்லிலோ கதிரையிலோ உயர்த்தி, தண்ணீர் பாயும் திசைக்குப் பின்னால் வைக்கவும். ஐபி 44 என்ற நீர்க்காப்புக் குறி உள்ள முனை தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும், வோஷரின் பாய்ச்சலைத் தாங்காது.

ஒட்டுத்தாள் கைபிடிப் பக்கத்தில் வரும். காற்றுத் துளைகளை மறைத்து ஒட்ட வேண்டாம் என்று கடைகளுக்குத் தனியாகச் சொல்லப்படும். ‘ரிப் சுவிச்’சுக்குச் சொல் தேடுவதை வேறு இழையில் தொடங்குகிறேன், இந்தத் தாளில் கடைத்தெருவில் வழங்கும் பெயரே இருக்கட்டும்.

தொகுப்பாளர், நல்லூர்