எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் பதில் மாறும்: ஆய்வுக் களத்தில் பார்த்தவை

நான் ஓர் உளவியல் ஆய்வுக்காக நேர்காணல் எடுத்தவன். எதிரே உட்கார்ந்து வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படிப்போம். 'முற்றிலும் சரி' முதல் 'சரியே இல்லை' வரை ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு பெரியவரிடம், "முடிவெடுக்கும் முன் நிறைய யோசிப்பேன்" என்று படித்தேன். "ஆமாம்பா." இரண்டு பக்கம் தள்ளி, "சட்டென்று முடிவெடுத்துவிடுவேன்." "அதுவும் சரிதான்." எதற்கும் தலையாட்டுபவர்களைச் சமாளிக்கத்தான் இப்படி எதிரும் புதிருமாகக் கேள்வி வைக்கிறார்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அட்டவணையில் அவர் நடுத்தரமான ஆள். யோசிப்பவரா, அவசரக்காரரா? கடைசிவரை தெரியவில்லை.

பிள்ளைகளை அடித்ததுண்டா என்ற கேள்வி இன்னும் மோசம். முகத்துக்கு நேரே கேட்டால் அநேகமாக எல்லோரும் 'இல்லவே இல்லை'. அவர்களே நிரப்பி உறையில் ஒட்டித் தரலாம் என்று மாற்றியதும் 'எப்போதாவது' கட்டத்தில் டிக் விழ ஆரம்பித்தது. கேள்வியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

*

நான் மதிப்பெண்ணுக்காகச் சோதனையில் உட்கார்ந்த மாணவி. நினைவாற்றல் ஆய்வு என்றுதான் சொன்னார்கள். ஆனால் 'தற்செயலாக' ஒருவர் காகிதக் கட்டைக் கீழே போட்டார். உதவுகிறோமா என்று பார்க்கிறார்கள் என்பது வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் அதற்குள் தெரியும். விழுந்து விழுந்து பொறுக்கினோம்! ஆய்வின் நோக்கத்தை ஊகித்து நடந்துகொள்வதைப் பற்றி உளவியலாளர் மார்ட்டின் ஓர்ன் 1962-லேயே எழுதிவிட்டார். கேள்வி கேட்பவர் பக்கமும் இது உண்டு. 1963-இல் ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் சாதாரண எலிகளையே 'கெட்டிக்காரன்', 'மந்தம்' என்று பெயரிட்டு மாணவர்களிடம் கொடுத்தார்கள். 'கெட்டிக்கார' எலிகள்தான் நன்றாகக் கற்றதாக முடிவு வந்தது.

*

நான் டேட்டா பக்கம். மேலே இருவரும் சொன்னதெல்லாம் ஒழுங்காக நடந்தாலும் என் மேசையில் கெடலாம். முன்பு இருந்த குழுவில், பி-மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வழக்கமான வரம்பான 0.05-க்குக் கொஞ்சம் மேலே நின்றால் "இன்னும் சிலரைச் சேர்த்துப் பார்ப்போமே" என்பார்கள். அப்புறம் இரண்டு பேரை நீக்கு, பெண்களை மட்டும் எடு. யாரும் ஏமாற்றுவதாக நினைக்கவே மாட்டார்கள், அதுதான் சிக்கல். சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2011-இல் இதே தந்திரங்களை வைத்து, ஒரு பாட்டைக் கேட்டதால் மாணவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை வயது குறைந்துவிட்டதாக 'நிரூபித்து'க் காட்டினார்கள். இப்படி நான்கு சலுகைகளைச் சேர்த்தால், இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 61-க்கு ஏறுகிறது என்றும் கணக்கிட்டார்கள்.

இப்போதிருக்கும் இடத்தில் எத்தனை பேர், எந்த அளவீடு, யாரை நீக்குவோம் என்பதை டேட்டா வரும் முன்பே எழுதித் தேதியோடு பதிவு செய்துவிடுகிறோம். அதற்கப்புறமும் ஆசைப்பட்டதெல்லாம் 'கூடுதல் பகுப்பாய்வு' என்ற தலைப்பில் நுழையத்தான் செய்கிறது. ஆனால் எது முன்னால் யோசித்தது, எது பின்னால் ஒட்டியது என்று படிப்பவர் பிரித்துப் பார்க்கலாம்.