கடல் நாவல் முடிந்தது, அடுத்து எதைத் தொடுவது?

இரவுப்பணி:

வணக்கம். மூன்று வாரமாக எந்தப் புத்தகமும் ஒட்ட மாட்டேன் என்கிறது. உங்கள் அனுபவத்தைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டியூட்டி. இரண்டு மணி ரவுண்டு முடிந்தபின் அடுத்த ஊசி நேரம் வரை அரை மணி நேரம் கிடைக்கும். என் வாசிப்பெல்லாம் அந்த அரை மணியில்தான். அப்படியே நான்கு மாதம் இழுத்து 'மோபி டிக்' நாவலை முடித்தேன். கடைசியில் கப்பல் முழுகிப்போய், கதை சொல்கிறவன் மட்டும் ஒரு சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதக்கிறான். அதைப் படித்துவிட்டு எழுந்து வார்டுக்குள் போனேன். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தபோதும் மனம் அந்தத் தண்ணீரிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு நான்கு புத்தகம் எடுத்தேன். துப்பறியும் கதை ஒன்று, 40 பக்கம். ஒரு குடும்ப நாவல், 71. பழக்கங்களை மாற்றிக்கொள்வது பற்றி ஒன்று, 62. மனித குலத்தின் மொத்த வரலாற்றையும் சொல்லும் தடித்த புத்தகம், 48. மாத்திரை டப்பாவின் அட்டையைக் கிழித்து நான்கிலும் அடையாளம் வைத்திருக்கிறேன். மறுபடி திறக்கக் கை வரவில்லை. போனில் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, 140 தலைப்பு. அதை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பதிலேயே அரை மணி போய்விடுகிறது.

கதை அல்லாத புத்தகங்கள் நிறைய படிக்க ஆசை. ஆனால் எதை எடுத்தாலும் 60 பக்கம் வாக்கிலேயே நின்றுவிடுகிறேன். அந்த வகையே எனக்கு ஒத்துவராதோ?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திமிங்கலங்களை வகை வகையாகப் பிரித்து அடுக்கும் அத்தியாயத்தைத் தாண்டிப் போகச் சொல்லிப் பலர் சொன்னார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

தலைப்புகள் வேண்டாம், ஏற்கெனவே 140 இருக்கிறது. ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்தது எது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

உப்புக்காற்று:

சகோதரி, கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, பதில் அதில்தான் இருக்கிறது. திமிங்கலங்களை வகை பிரிக்கும் அத்தியாயம் பிடித்திருந்தால், கதை அல்லாத எழுத்து உங்களுக்கு ஒத்துவந்துவிட்டது என்றே அர்த்தம். அது நாவலுக்குள் ஒளிந்திருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை.

அந்த நாவலை இன்னும் உள்ளே வைத்துவிடாதீர்கள். 45ஆம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஒரு திமிங்கலம் வேண்டுமென்றே கப்பலை முட்டி உடைக்குமா என்று வாசகர் சந்தேகப்படுவார் என எழுதியவருக்குத் தெரியும். அதனால் கதையை நிறுத்திவிட்டு, சாட்சி சொல்வதுபோல நடந்த சம்பவங்களை வரிசையாகச் சொல்லுவார். அதில் 'எசெக்ஸ்' என்று ஒரு கப்பல் பெயர் வரும். நான் முதல் தடவை படித்தபோது கவனிக்காமல் கடந்துவிட்டேன். இரண்டாம் தடவை அந்தப் பெயரில் நின்றேன். பிறகு ஒரு வருடம் வேறெதுவும் படிக்க முடியவில்லை.

எசெக்ஸ் நிஜக் கப்பல். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து திமிங்கல வேட்டைக்குக் கிளம்பியது. 1820 நவம்பர் 20ஆம் தேதி, பசிபிக் கடலின் நடுவே ஒரு எண்ணெய்த் திமிங்கலம் அதை முட்டியது. பிறகு திரும்பி வந்து மறுபடியும் முட்டியது. அப்போது இருந்தவர்கள் 20 பேர். மூன்று சிறிய வேட்டைப் படகுகளில் ஏறினார்கள். மேற்கே போயிருந்தால் தீவுகள் கிடைத்திருக்கும். ஆனால் அங்கே மனிதரைத் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து, காற்று எதிராக இருந்தும் தென் அமெரிக்காவை நோக்கிப் பல ஆயிரம் மைல் சுற்றுவழியைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் படகிலேயே இருந்தவர்கள், தாங்களே செத்தவர்களின் உடலைத் தின்றுதான் பிழைத்தார்கள். ஒரு படகில் சீட்டுப் போட வேண்டிய நிலைமை வந்தது. சீட்டு விழுந்தது கேப்டனின் உறவுக்காரப் பையனுக்கு. உயிரோடு மீண்டவர்கள் 8 பேர்.

அவர்களில் ஒருவர் கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரியான ஓவன் சேஸ். மறு வருடமே, 1821இல், நடந்ததை எல்லாம் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் 'மோபி டிக்' எழுதிய ஹெர்மன் மெல்வில் ஒரு வேட்டைக் கப்பலில் மாலுமியாக இருந்தபோது சேஸின் மகனைச் சந்தித்தார். அந்தப் பையனிடமிருந்து இரவல் வாங்கித்தான் கடலிலேயே அந்தப் புத்தகத்தைப் படித்தார். நீங்கள் நான்கு மாதம் கூடவே வைத்திருந்த நாவல் 1851இல் வெளிவந்தது.

அடுத்த புத்தகத்தை நான் தேடுவதே இப்படித்தான். முடித்த புத்தகத்துக்குள்ளேயே போய்த் தேடுவேன். எந்தப் பக்கத்தில் "இது நிஜமா?" என்று மனம் கேட்டதோ, அங்கே ஒரு கதவு இருக்கும். சேஸின் புத்தகம் மெலிசானது, உங்கள் அரை மணிக்குச் சரியாக வரும். பிறகு ஆசை மிஞ்சினால், நதானியேல் ஃபில்பிரிக் 2000இல் எழுதிய வரலாற்று நூலுக்குப் போங்கள். கப்பலில் வேலை செய்த சிறுவன் ஒருவன் வயதான பிறகு தன் நினைவுகளை எழுதிவைத்திருந்தான். அந்தக் கையெழுத்துப் பிரதி 1960 வரை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஃபில்பிரிக் அதையும் சேஸின் நூலையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார். ஒரே படகில் இருந்த இரண்டு பேர் ஒரே சம்பவத்தை வேறு வேறு மாதிரி நினைவு வைத்திருக்கிறார்கள். நாவலில் கிடைக்கும் சுகம் அங்கேயும் கிடைக்கும்.

நீங்கள் 60 பக்கத்தில் நிறுத்துவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதை அல்லாதவற்றில் நீங்கள் கைவிட்ட இரண்டுமே வாதப் புத்தகங்கள். ஒரு கருத்தை முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, மீதிப் பக்கங்களில் அதற்கு உதாரணம் அடுக்குகிற வகை. கருத்து பிடிபட்டதும் கை தானாக விலகும், அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. நடந்ததைக் கதைபோலச் சொல்கிற வகை வேறு. அங்கே அடுத்து என்ன ஆயிற்று என்ற கேள்வி உங்களை இழுத்துக்கொண்டே போகும். நாவல் வாசகர்கள் முதலில் நுழைய வேண்டியது அந்த வாசல் வழியாகத்தான்.

படியெடுத்தவன்:

உப்புக்காற்று சொன்னதற்கு நூலகத்துக்குள் நின்றபடி ஒரு சேர்க்கை. நான் பல வருடம் புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் வேலை பார்த்தவன்.

நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கவனித்திருப்பீர்கள். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறை அது. (மெல்வில் என்ற பெயர் இங்கேயும் வந்து நிற்கிறது. அவர் வேறு, இவர் வேறு.) இந்த முறையில் நீங்கள் படித்த நாவல் 813இல் இருக்கும். கடற்பயணங்கள் 910இல். திமிங்கலம் என்ற உயிரினம் 599. வேட்டையும் மீன்பிடிப்பும் 639. ஒரே விலங்கு நான்கு அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. நாவல் வாசகர்கள் 813இலேயே இடமும் வலமும் நகர்ந்து, "இதேபோல இன்னொன்று" என்று தேடி ஏமாந்து போவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது நான்கு அலமாரி தள்ளி இருக்கும்.

சீ. இரா. அரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு என்பது அதில் இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். உங்கள் 48ஆம் பக்கத்தில் நிற்கும் அந்த வரலாற்றுப் புத்தகத்துக்கு வேறு யாரோ ஒருவர் காத்திருக்கிறார். குற்ற உணர்ச்சி இல்லாமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எதுவரை படித்துப் பார்க்கலாம் என்பதற்கு நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். 50 வயது வரை 50 பக்கம். அதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கம் மட்டும். எனக்கு இப்போது 33 பக்கம்தான் கடமை. வயதாக ஆகச் சலுகை கூடுகிறது, நியாயமான கணக்கு.

இன்னொன்று. கதை அல்லாத நூலை வாங்கும் முன், இரவல் எடுக்கும் முன், பின்பக்கம் திருப்பிக் குறிப்புகளைப் பாருங்கள். இருநூறு வருடம் முன்பு செத்தவர் என்ன பேசினார் என்று மேற்கோள் குறி போட்டு எழுதியிருந்தால், அது எந்தக் கடிதத்திலிருந்து, எந்த நாட்குறிப்பிலிருந்து வந்தது என்று அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை 813 அலமாரியில் வைத்துப் படியுங்கள்.

ஒருபக்கம்:

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் எனக்கு இது உதவவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரே விஷயத்தைத் துரத்திக்கொண்டு போய் நான் மாட்டிக்கொண்டேன். போர் நாவல் ஒன்று, அதன் பின்னால் போர் வரலாறு, பிறகு போர்வீரர்களின் கடிதங்கள் என்று எட்டு மாதம் போயிற்று. தூக்கத்திலும் பதுங்குகுழி. இந்தத் தோழி வார்டில் நோயாளிகளோடு இரவைக் கழிக்கிறவர். மூழ்கிய கப்பலிலிருந்து நேரே பட்டினிப் படகுக்கு அனுப்புவது சரியா என்று எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நான் இப்போது கனமான ஒன்றுக்கும் கனமான இன்னொன்றுக்கும் நடுவில் மெலிசாக ஒன்று வைக்கிறேன். கவிதைத் தொகுப்பு, கட்டுரைகள், யாருடைய நாட்குறிப்பாவது. நாட்குறிப்பு அரை மணி வாசகருக்கு அருமையான வடிவம். தேதி மாறும் இடத்தில் நிறுத்தலாம், நாளை அடுத்த தேதியிலிருந்து தொடரலாம். தமிழிலேயே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதியது இருக்கிறது. கப்பல் வந்தது, யார் யாரைப் பார்த்தார், என்ன பரிசு கொடுத்தார் என்று அன்றன்றைக்கு எழுதுகிறார். நாளை என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த உணர்வுக்காகவே படிக்கலாம். முழுவதும் படிக்க வேண்டும் என்பதில்லை. அங்கிருந்து நாவலுக்குத் திரும்ப ஆசை வந்தால், அந்த நாட்குறிப்பை வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' எழுதினார்.

உப்புக்காற்று:

ஒருபக்கம், நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கதவு இருக்கிறது என்பதற்காக இன்றைக்கே நுழைந்தாக வேண்டும் என்பதில்லை.

கதவுகள் எல்லாம் இருட்டுக்குள்தான் திறக்கும் என்றும் இல்லை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' படித்து முடித்தபோது, அது எழுதத் தொடங்கப்பட்ட 1816ஆம் வருடக் கோடையில் ஏன் அப்படி ஒரு மழையும் குளிரும் என்று தேடினேன். அதற்கு முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்திருக்கிறது. அந்தத் தூசு மூட்டம் வெயிலை மறைத்து, ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போய்விட்டது. ஜெனீவா ஏரிக்கரையில் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தவர்கள் பேய்க்கதை எழுதிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டபோது, அந்த நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு வயது 18. அந்தப் பேய்க்கதையிலிருந்து எரிமலைக்கும், எரிமலையிலிருந்து மேகங்களுக்கும் போனேன். ஒரு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன், மனம் லேசாக இருந்தது.

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் 140ஐயும் அழித்துவிட்டேன். நான்கு புத்தகங்களிலிருந்தும் அட்டைகளை உருவினேன். தடித்த வரலாற்றை எங்கள் வார்டு அட்டெண்டர் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் 48ஐத் தாண்டிவிட்டார். தினம் ஒரு செய்தி வந்து சொல்கிறார்.

ஒருபக்கம் சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் கவிதை மட்டும் படித்தேன். பிறகு நாவலின் 45ஆம் அத்தியாயத்தைத் திறந்தேன். எசெக்ஸ் என்ற பெயர் அங்கேயே இருந்தது. நான்கு மாதம் கையில் வைத்திருந்தும் கண்ணில் படவில்லை.

சேஸின் புத்தகத்தை நான்கு இரவில் முடித்தேன். பட்டினியைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களை என்னால் வேகமாகத் தாண்ட முடியவில்லை. சாப்பிட முடியாத நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். பிஸ்கட்டை எடை பார்த்துப் பங்கு போடுகிற மனிதரின் நிதானம் எனக்குப் புரிந்தது. ஒருபக்கத்தின் கவலையும் புரிந்தது. அதனால் படித்த இரவெல்லாம் முடிவில் ஒரு கவிதையைப் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இப்போது ஃபில்பிரிக். இன்னும் முடியவில்லை, பாதியில் நின்றுகொண்டு பின்னால் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கப்பலின் கேப்டன் பொல்லார்டு ஊர் திரும்பினார், மறுபடி கப்பல் ஏறினார், அதுவும் உடைந்தது. அதற்குப் பிறகு அவரை நம்பி யாரும் வேட்டைக் கப்பல் கொடுக்கவில்லை. மீதிக் காலத்தில் ஊரில் இரவுக் காவல்காரராக வேலை பார்த்திருக்கிறார். நாவல் வெளிவந்த மறு வருடம் மெல்வில் அந்த ஊருக்குப் போய் அவரை நேரில் பார்த்திருக்கிறார்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் தெருத் தெருவாக நடக்கிற கிழவர். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மூன்று மணி ரவுண்டுக்குப் போனேன்.

உப்புக்காற்று, இரவுக் காவல்காரர்களைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? மின்விளக்குக்கு முந்தைய காலத்து இரவு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.