மீன் லேபிளில் ‘ஃப்ரெஷ்’ எங்கே, ‘ரா’ எங்கே, ‘சில்ட்’ எங்கே?

பாக்கடல்_பேக்கிங் (மண்டபம்)

எங்கள் மகளிர் குழு சீலா (வஞ்சிரம்), பாறை, கணவாய், இறால், நீலக்கால் நண்டுச் சதை, நெத்திலிக் கருவாடு ஆகியவற்றை பாக்கெட் போட்டு மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்புகிறது. லேபிளை ஆங்கிலத்திலும் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. ஐஸ் போட்ட மீனுக்கு ‘ஃப்ரெஷ்’ என்று போடலாமா, ‘சில்ட்’ என்றுதான் போட வேண்டுமா? வேகவைக்காத இறாலுக்கு ‘ரா’வா, ‘ஃப்ரெஷ்’ஷா? ஒரு பெட்டியில் ‘ஃப்ரெஷ் வாட்டர் ப்ரான்ஸ்’ என்று அச்சாகிவிட்டது. கடைக்காரர் அதைத் திருப்பிவிட்டார். நல்ல தண்ணியில் கழுவியது என்ற பொருளில்தான் போட்டோம். சட்டச் சிக்கல் இல்லாமல், படிப்பவருக்கும் சரியாகப் புரியும்படி எப்படி எழுதுவது?

செவுள்_சிவப்பு (பாம்பன்)

அக்கா, குழப்பத்தின் வேர் நம்ம ‘பச்சை’யில் இருக்கிறது. பச்ச மீன் என்றால் கருவாடு ஆகாதது, வேகாதது, இன்றைக்கு வந்தது எல்லாமே அதில் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் இவை தனித்தனிச் சொற்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

‘ரா’ சொல்வது ஒன்றே ஒன்று: அடுப்பில் வேகவில்லை. மீன் என்றைக்குப் பிடித்தது, கெட்டதா நல்லதா என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆறு மாதம் உறைய வைத்த இறாலும் ‘ரா’தான். அதனால்தான் ‘ரா ஃப்ரோசன் ப்ரான்ஸ்’ என்று இரண்டையும் சேர்த்து எழுத முடிகிறது.

‘ஃப்ரெஷ்’ என்பது மீனுக்கு என்ன செய்யவில்லை என்பதைச் சொல்லும் சொல். உறைய வைக்கவில்லை, உப்புப் போடவில்லை, காயவைக்கவில்லை, டின்னில் அடைக்கவில்லை. ஐஸ் போடுவது இந்தக் கணக்கில் வராது. நம்ம ஊர் ஆட்கள் “ஐஸ் மீனா, பச்ச மீனா?” என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவு இல்லை. சுங்கக் குறியீட்டைப் பாருங்கள்: 0302 என்ற தலைப்பே ‘ஃப்ரெஷ் ஆர் சில்ட்’ மீனுக்கு. இரண்டும் ஒரே பெட்டிக்குள். உயிர் மீன் 0301, உறைந்தது 0303, காய்ந்ததும் உப்பிட்டதும் புகையிட்டதும் 0305. ஆகவே ஐஸ் போட்ட சீலாவுக்கு ‘ஃப்ரெஷ்’ என்று எழுதினால் அது பொய் ஆகாது.

‘சில்ட்’ வெப்பநிலையைச் சொல்வது. உருகும் ஐஸின் அளவுக்கு, அதாவது 0 முதல் 4 டிகிரிக்குள் வைத்திருக்கிறோம் என்று வாங்குகிறவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. இந்த வார்த்தையைப் போட்டால் அதற்குத் தக்க ஐஸும் போட வேண்டும். நம்ம வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கு ஐஸ். அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், அதன் மேல் மறுபடி ஐஸ். குடல் எடுத்த மீனை வயிறு கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்தால் உருகிய தண்ணீர் உள்ளே தேங்காது. தண்ணீர் வெளியேறப் பெட்டியில் வழி வேண்டும். தேங்கிய தண்ணீரில் ஊறும் மீன் வெளுத்து, சதை தொளதொளத்துவிடும். ஐஸ் குறைந்து 10 டிகிரிக்குப் போன பெட்டியின் மேல் ‘சில்ட்’ என்று எழுதியிருந்தால் அதுதான் பொய்.

‘ஐஸ் ஃபிஷ்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்டார்டிகா கடலில் அந்தப் பெயரில் ஒரு மீன் குடும்பமே இருக்கிறது. ஐஸில் வைத்தது என்று சொல்ல ‘ஐஸ்ட்’ என்று முடிய வேண்டும்.

இறால் பெட்டி திரும்பியதற்குக் காரணம் நீங்கள் எழுதிய ‘ஃப்ரெஷ் வாட்டர்’தான். இறாலுக்கு முன்னால் அது வந்துவிட்டால் கழுவியதைச் சொல்லாது, இறால் வளர்ந்த தண்ணீரைச் சொல்லும். அந்தப் பொருளில் ‘ஃப்ரெஷ்வாட்டர்’ என்று சேர்த்தே எழுதுவார்கள். நம் வணிகத்தில் ‘ஸ்காம்பி’ எனப்படும் ஆற்று இறாலுக்கு உரிய பெயர் அது. கடல் இறால் பெட்டியில் அதைப் பார்த்தால் கடைக்காரர் திருப்பத்தான் செய்வார், வேறு சரக்கு ஆயிற்றே. ‘ஃப்ரெஷ் சீ ப்ரான்ஸ்’ என்று போடுங்கள். கழுவிய தண்ணீரைப் பற்றி லேபிளில் எழுதவே வேண்டாம்.

லேபிள்_மேசை (தொண்டி)

மேலே சொன்னது சரி. சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர, உரிமைகோரல் விதிகளில் ‘ஃப்ரெஷ்’ கட்டுப்பாடு உள்ள சொல். கழுவுவது, தோல் உரிப்பது, குளிர வைப்பது, ஓரம் நறுக்குவது, துண்டு போடுவது வரை அனுமதி. அதைத் தாண்டிப் பதப்படுத்தினால் அந்தச் சொல் கூடாது. ஆக, துண்டு போட்ட சீலாவுக்குப் போடலாம், மசாலா தடவி வைத்த சீலாவுக்குப் போடக் கூடாது. குழுவின் பெயரிலேயே ‘ஃப்ரெஷ்’ இருந்து, அது வாங்குகிறவரைத் தவறாக நினைக்க வைக்கும் என்றால், இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்ற அறிவிப்பையும் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் அச்சடிக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது.

உறைய வைத்து உருக்கிய மீனை ‘ஃப்ரெஷ்’ என்று விற்பதுதான் பெரிய தவறு. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட மீனின் பெயரோடு ‘டீஃப்ராஸ்டட்’ என்று சேர்த்தாக வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. வீட்டு ஃப்ரீசரில் மீன் மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் நடுவில் மெதுவாகத்தான் இறங்கும். அந்த இடத்தில் பெரிய பெரிய பனிப் படிகங்கள் உருவாகிச் சதையின் செல்களைக் கிழித்துவிடும். உருக்கும்போது தண்ணீராக வடியும், குழம்பில் போட்டால் நார் நாராகப் பிரியும். வேகமாக உறைய வைத்து, நடுச் சதை வரை மைனஸ் 18க்குக் கொண்டுவந்த மீனைத்தான் ‘ஃப்ரோசன்’ என்று மனசாரச் சொல்லலாம்.

நண்டுச் சதையில் கவனமாக இருங்கள். ‘ஃப்ரெஷ்’ஷும் ‘ரா’வும் முழுசாகப் பிரியும் இடம் அதுதான். அமெரிக்கச் சந்தையில் ‘ஃப்ரெஷ் க்ராப் மீட்’ என்றால் வெந்த சதை. நண்டை ஓட்டோடு வேகவைத்து, சதையைப் பிரித்து, பாஸ்டரைஸ் செய்யாமல் குளிரில் வைத்தது என்று பொருள். அதாவது ‘ஃப்ரெஷ்’, ஆனால் ‘ரா’ இல்லை. டின்னில் அடைத்துச் சூடாக்கியது ‘பாஸ்டரைஸ்டு’. அதையும் குளிரில்தான் வைக்க வேண்டும், மாதக் கணக்கில் தாங்கும். உங்கள் சரக்கு உள்நாட்டுக்குத்தான் போகிறது. நம்ம விதிப்படி வேகவைப்பது ‘ஃப்ரெஷ்’ஷின் வரம்பைத் தாண்டிவிடும். அதனால் ‘குக்டு க்ராப் மீட், சில்ட்’ என்று எழுதுங்கள்.

உயிர் நண்டு அனுப்பும் நாள் வந்தால்: பெயருக்கு முன்னால் ‘லைவ்’ மட்டும்தான் வரும். ‘அலைவ்’ வினைக்குப் பின்னால் வரும் சொல். ‘லைவ் க்ராப்ஸ்’ சரி, ‘தி க்ராப்ஸ் ஆர் அலைவ்’ சரி, ‘அலைவ் க்ராப்ஸ்’ தப்பு.

பாக்கடல்_பேக்கிங்

ரொம்ப நன்றி. அப்போ மீன் துண்டுக்கு ‘ரா ஃபிஷ்’ என்றும் போடலாமா? கருவாட்டுக்கு ‘ட்ரை’யா, ‘ட்ரைடு’ஆ? உப்புப் போட்டதற்கு ‘சால்ட்டி’ சரியா?

செவுள்_சிவப்பு (பாம்பன்)

‘ரா ஃபிஷ்’ வேண்டாம். இறாலில் ‘ரா’ என்றால் வேகாதது என்று மட்டும் புரியும், ஏனென்றால் பக்கத்திலேயே வெந்த இறாலும் விற்கிறது. மீனோடு சேர்ந்தால் ஜப்பான்காரர் சாப்பிடுவதுபோல் சமைக்காமலே தின்னும் மீன் என்ற எண்ணம் வரும். அப்படித் தின்ன நம்ம பாக்கெட் தயாரானதல்ல. ‘ஃப்ரெஷ் சீர் ஃபிஷ், கட் பீசஸ்’ போதும்.

கருவாட்டுக்கு ‘ட்ரைடு’. ‘ட்ரை’ என்பது இப்போது ஈரமில்லாத நிலை, ‘ட்ரைடு’ காயவைத்த செயல். ‘ட்ரை ஃபிஷ்’ என்று இந்தியா முழுக்க எழுதுகிறார்கள், இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. வெளிநாட்டில் அதைப் படித்தால் குழம்பில்லாமல் வறண்டு வெந்த மீன் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘ஃப்ரெஷ் ட்ரைடு’ என்று எழுதினால் ஒன்றை ஒன்று வெட்டும். இந்த வாரம் காயவைத்தது என்று சொல்ல ‘ஃப்ரெஷ்லி ட்ரைடு’.

‘சால்ட்டி’ என்பது நாக்குச் சொல்லும் சொல், பாதி நேரம் உப்புக் கரிக்கிறது என்று குறை சொல்லத்தான் அது வரும். உப்புத் தடவிப் பதப்படுத்தியதற்கு ‘சால்ட்டட்’. உப்பில் ஊறப்போட்டுக் காயவைத்த சீலாவுக்கு ‘சால்ட்டட் அண்ட் ட்ரைடு’ என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். உப்பில்லாமல் மணலுக்கு மேல் வலை விரித்துக் காயவைத்த நெத்திலிக்கு ‘அன்சால்ட்டட்’ என்று தனியாகவே போடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் தேடுவார்கள்.