சீகன்பால்க் என்ற குடும்பப் பெயர்: ஜெர்மன் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரைப் பலருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் சபை மலருக்காக அவருடைய குடும்பப் பெயரைப் பற்றி மட்டும் ஒரு சின்னக் கட்டுரை எழுதுகிறேன். வாழ்க்கை வரலாறு வேண்டாம், அது நிறையவே இருக்கிறது.

ஜெர்மனில் 'ட்ஸீகெ' வெள்ளாடு, 'பால்க்' உரித்த தோல். ஆக, ஆட்டுத்தோல்! தொழிலை வைத்தோ கேலியாகவோ ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள் இடைக்காலத்தில் அங்கே பரம்பரைப் பெயர்களாக நிலைத்துவிட்டன. இதுவும் அந்த வகைதான் என்பது என் ஊகம். முன்னோர் தோல் பதனிட்டவரா, விற்றவரா? கொல்லன் துருத்திக்கும் அங்கே 'பிளாஸெபால்க்' என்றுதான் பேர், அதனால் துருத்தி செய்தவர் என்றும் யோசிக்கத் தோன்றுகிறது. (ஐயரின் அப்பா என்னவோ தானிய வியாபாரி.)

அப்புறம், பெயரின் பரவல். ஐயர் 1682-இல் பிறந்த புல்ஸ்னிட்ஸ், சாக்சனியில் டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊர். இந்த அரிய பெயர் அந்த வட்டாரத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது? முதல் உலகப்போரின் ஜெர்மன் இழப்புப் பட்டியல்களை (இறந்த, காயமடைந்த, காணாமல்போன வீரர்களின் பட்டியல்கள்) இணையத்தில் பெயர் கொடுத்துத் தேடலாம், பல வீரர்களுக்குச் சொந்த ஊரும் இருக்கும். ஜெர்மன் தெரிந்த யாராவது அதைப் பார்த்து ஊர்களை மட்டும் குறித்துத் தர முடியுமா?

பழைய 'குரென்ட்' கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சர்ச் பதிவேடுகளெல்லாம் அதில்தான், எனக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.