பல் காரையில் கிடைத்த காலனி: புதிய இனம் என்று சொல்லலாமா?

ஆய்வக மாணவி:
எம்எஸ்சி புராஜெக்டுக்காக ஈறு ஓரத்துக் காரையை எடுத்து, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் பிளட் அகாரில் வளர்த்தேன். பத்தாம் நாள் ஊசிமுனை அளவில் ஒரு காலனி. பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் ஜீனின் சீக்வென்ஸை பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுத் தேடலில் போட்டால், மிக நெருங்கிய பிரிவோட்டெல்லாவோடு (வாயில் வாழும் ஒரு பாக்டீரியா வகை) 97.6% தான் ஒத்துப்போகிறது. 98.7%க்குக் கீழே வந்தால் புதிய இனம் என்று படித்திருக்கிறேன். அப்படியே எழுதிவிடலாமா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

சீக்வென்சர்:
எத்தனை பேஸ் (டிஎன்ஏ எழுத்து) படித்தீர்கள்? அந்த ஜீன் சுமார் 1,500 பேஸ் நீளம், பாதியை மட்டும் படித்துவிட்டு வரும் சதவீதத்தை நம்பாதீர்கள். அப்புறம் இஹோம்டியிலும் தேடுங்கள். வாய் பாக்டீரியாவுக்கென்றே உள்ள தளம், பெயர் வைக்காதவற்றுக்கும் அங்கே எண் உண்டு. உங்களுடையது ஏற்கெனவே அங்கே வெறும் சீக்வென்ஸாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம், இதுவரை யாரும் வளர்க்காததை நீங்கள் வளர்த்திருக்கலாம், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பல் டாக்டர்:
16எஸ் இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிசும் நிமோனியேவும் அதில் 99%க்கு மேல் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வேறு வேறு இனங்கள். 2012இல் சூரிச்சில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிகுரினஸ் என்று புதிய இனம் அறிவித்தார்கள், ஜீனோம்களை ஒப்பிட்டதும் 2016இல் அது ஓராலிஸின் துணையினம் ஆகிவிட்டது. எனவே முழு ஜீனோம் எடுத்து, நெருங்கிய இனத்தோடு ஏஎன்ஐ (இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை) 95%க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆய்வக மாணவி:
720 பேஸ் தான் சார். இன்னொரு சிக்கல், தனியாகக் கீறினால் வளரவே மாட்டேன் என்கிறது. பழைய தட்டில், வேறொரு வெள்ளைக் காலனிக்குப் பக்கத்தில் மட்டும் வருகிறது.

சீக்வென்சர்:
அந்த வெள்ளைக் காலனியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! வாயில் இது சகஜம். டேனரெல்லா ஃபார்சிதியா என்ற வாய் பாக்டீரியாவுக்கு, செல்சுவர் கட்ட வேண்டிய என்-அசிட்டைல்மியூராமிக் அமிலத்தைத் தானாகச் செய்யத் தெரியாது, அக்கம்பக்கத்து பாக்டீரியாவிடமிருந்துதான் கிடைக்க வேண்டும். 2015இல் வளர்த்துக் காட்டிய டிஎம்7எக்ஸ் என்ற மிகச் சிறிய பாக்டீரியா, ஆக்டினோமைசிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் மேலேயே ஒட்டி வாழ்கிறது. தட்டின் நடுவே வெள்ளையை ஒரு கோடாகக் கீறி, உங்களுடையதைக் குறுக்கே கீறுங்கள், கோட்டுக்கு அருகில் மட்டும் வளர்ந்தால் அது எதையோ கொடுக்கிறது என்று அர்த்தம். முறையாகப் பெயர் வைக்க, இரண்டு நாட்டு சேமிப்பகங்களில் உயிருள்ள தூய வளர்ப்பைக் கொடுக்க வேண்டும், அதனால் முதலில் இது செத்துப்போகாமல் பாருங்கள். இன்றைக்கே இரண்டையும் கிளிசராலில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள்.